கதையா, கட்டுரையா, கவிதையா? ஒன்பதாம் நம்பர் சைக்கிளை எதில் ஏற்றுவது

எழுத ஆரம்பித்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி "எப்படி எழுதுவது" என்பதல்ல. "என்னிடம் ஒரு விஷயம் இருக்கிறது, இதைக் கதையாக எழுதட்டுமா, கட்டுரையாகவே எழுதிவிடட்டுமா?" என்பதுதான். சிலர் இரண்டு மூன்று வருடமாக இந்த இடத்திலேயே நிற்கிறார்கள். நண்பர் ஒருவர் தன் ஆச்சியின் நிலத்தகராறை நாவலாக 30 பக்கமும், கட்டுரையாக 6 பக்கமும் எழுதிப் பார்த்தார். அப்புறம் முகநூலில் மூன்று பதிவாகவும் போட்டார். எதுவும் சரிவராமல் நோட்டை மூடிவிட்டார்.

நானும் அப்படி நின்றவன்தான். என் அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். மொத்தம் 14 வண்டிகள், அதில் மூன்று சின்னப் பிள்ளைகள் ஓட்டும் வண்டி. பின்பக்க மட்கார்டில் வெள்ளை பெயிண்டில் நம்பர் போட்டிருக்கும். எண்பதுகளின் நடுவில் மணிக்கு 50 பைசா. தெரிந்த ஆளா என்று பார்த்துவிட்டு நோட்டில் பெயர், வண்டி நம்பர், எடுத்த நேரம் எழுதுவார். வண்டி திரும்பியதும் அந்த வரியைக் கோடு போட்டு அடிப்பார். ஒருநாள் சாயங்காலம் ஒன்பதாம் நம்பர் வண்டியை எடுத்துப்போன ஆள் திரும்பி வரவில்லை. அப்பா போலீசுக்குப் போகவில்லை. தினமும் காலையில் புதுப் பக்கம் திருப்பித் தேதி போட்டதும் முதல் வரியாக "9 வரணும்" என்று எழுதினார். ஏழெட்டு மாதம் அப்படியே எழுதினார்.

இதை நான் நான்கு வகையில் எழுதிப் பார்த்தேன். மூன்று முறை சொதப்பினேன். அதில் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

தாமதமாகப் புரிந்த ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் ஒட்டிக் கிடப்பவை இரண்டு முடிவுகள். எந்த வகையில் எழுதுவது என்பதை விஷயத்தைப் பார்த்து முடிவு செய்யவேண்டும். எந்த முறையில் எழுதுவது என்பதை உங்கள் மனம் ஓடும் விதத்தைப் பார்த்து முடிவு செய்யவேண்டும். நாம் செய்வதோ தலைகீழ். நமக்குப் பிடித்த வகையை விஷயத்தின் மேல் போர்த்துகிறோம். நமக்குப் பிடித்த எழுத்தாளர் பேட்டியில் சொன்ன எழுதும் முறையை நம் மனத்தின் மேல் ஏற்றுகிறோம்.

## எதை வைத்து அளப்பது

நடந்ததா, நடந்துகொண்டே இருந்ததா? ஒரு சாயங்காலம் வண்டி போனது என்பது ஒரு சம்பவம். கடை எப்படி ஓடியது, டவுன் பஸ்ஸும் தவணைக்குக் கிடைத்த மொபெட்டும் வந்து அது எப்படி இளைத்தது என்பது வருடக்கணக்கில் நடந்த விஷயம். அப்பா தினமும் அந்த வரியை எழுதியது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சம்பவம் கதைக்குச் சுலபமாக வரும். நடந்துகொண்டே இருந்த விஷயம் கட்டுரைக்கோ நீண்ட வடிவத்துக்கோ வரும். நடுவில் இருப்பதுதான் நம்மைக் குழப்பும்.

பெயர் வேண்டுமா? இந்த அளவுகோல் நமக்குப் புதிதல்ல. அகப்பாட்டில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. புறத்தில் இன்ன மன்னன், இன்ன ஊர் என்று சொல்லலாம், சொல்லியே ஆகவேண்டிய இடங்களும் உண்டு. சங்கப் பாட்டான நெடுநல்வாடையை எடுத்துக்கொள்ளுங்கள். 188 அடி. மனைவி அரண்மனையில் தவிக்கிறாள், கணவன் பாசறையில் இருக்கிறான், வாடைக்காற்று வீசுகிறது. யார் பெயரும் இல்லை, உணர்ச்சி முழுக்க அகம். ஆனால் பாசறைக் காட்சியில் வேலின் தலையில் வேம்பு கட்டியிருக்கிறது என்று ஓரிடம் வருகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. ஆள் இன்னார் என்று தெரிந்துவிட்டதால் பாட்டைப் புறம் என்று கொண்டார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். ஒரு வேப்பந்தழை வகையையே மாற்றிவிட்டது!

உங்கள் விஷயத்துக்கும் இதைக் கேட்டுப் பாருங்கள். பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டால் அதில் உயிர் மிஞ்சுகிறதா? மிஞ்சினால் அது கதையாகலாம், கவிதையாகலாம். பெயர் போனதும் சப்பென்று ஆகிவிட்டால் அது கட்டுரைதான், கதையாக்க முயன்று பொழுதைக் கழிக்கவேண்டாம்.

எந்தத் தொனி? ஒரே ஊரை அழுதும் சொல்லலாம், சிரித்தும் சொல்லலாம். பாரதி தன் இளமையைக் "கனவு" என்ற செய்யுளாக எழுதி 1910ல் வெளியிட்டார். பிள்ளைக் காதலும், நெல்லையில் கற்ற ஆங்கிலப் படிப்பின் கசப்பும், தந்தையின் வறுமையும் அதில் வருகின்றன. தான் அறிந்த ஜமீன் வாழ்க்கையைக் கேலி செய்ய வேண்டியபோது அவர் செய்யுளுக்குப் போகவில்லை, "சின்னச் சங்கரன் கதை" என்று உரைநடையில் எழுதினார். அது முற்றுப்பெறவில்லை என்பது நம் நஷ்டம். வருத்தம் ஓர் உருவத்திலும் கிண்டல் வேறோர் உருவத்திலும் போய் உட்கார்ந்ததைப் பாருங்கள். அந்தக் கேலியைச் செய்யுளில் போட்டிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

கடைசி அளவுகோல் நேரம். இதை யாரும் அளவுகோலாகச் சேர்ப்பதில்லை. ராத்திரி பத்து மணிக்குமேல் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் எழுதுபவருக்கும், ஓய்வுபெற்று வீட்டில் இருப்பவருக்கும் ஒரே யோசனை சொல்வது நியாயமில்லை.

## உங்கள் மனம் எப்படி ஓடுகிறது

இதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த எளிய வழி, உங்கள் வீட்டுக்கு ஒருவர் வழி கேட்கும்போது என்ன சொல்கிறீர்கள் என்று கவனிப்பது.

"பஸ் ஸ்டாப்பில் இறங்கி நேரே வாங்க, இரண்டாவது இடது, மூன்றாவது வீடு" என்பவர் ஒரு வகை. அவருக்கு எல்லாமே வரிசையில் இருக்கும். இதைக் கணக்கு மனம் என்று வைத்துக்கொள்வோம். "பிள்ளையார் கோயில் தாண்டினதும் ஒரு முருங்கை மரம் சாஞ்சு கிடக்கும், அதுக்கு எதிரே பச்சை கேட்" என்பவருக்குக் காட்சி மனம். இன்னொருவர் இருக்கிறார். "வந்துட்டீங்களா, அங்கேயே நில்லுங்க, அந்த டீக்கடைக்காரர்கிட்ட போனைக் குடுங்க, நான் பேசுறேன்" என்பார். அவருக்கு எல்லாமே ஆட்களும் குரல்களும்தான். அது பேச்சு மனம்.

இது ஜாதகம் இல்லை. காட்சியாகக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று மாணவர்களைப் பிரித்து அதற்கேற்பப் பாடம் நடத்தினால் அதிகம் கற்பார்கள் என்ற பிரபலமான நம்பிக்கைக்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க உளவியலாளர்கள் நால்வர் 2008ல் ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அதனால் "எனக்குக் காட்சி மனம், கட்டுரை வராது" என்று யாரும் ஒதுங்கவேண்டியதில்லை. முதல் வரைவை எந்தப் பக்கமிருந்து தொடங்கினால் கை ஓடும் என்று தெரிந்துகொள்ள மட்டுமே இது பயன்படும். எனக்கு அதுவே பெரிய உதவியாக இருந்தது.

## அனுபவக் கட்டுரை

நான் முதலில் எழுதியது இதுதான். விஷயம் நம்முடையது, நடந்தது, கற்பனை வேண்டாம் என்பதால் சுலபம் என்று நினைத்தேன்.

கட்டுரை உண்மையிலேயே தாங்கும் சுமை அதிகம். வாடகைக் கணக்கு, மழைக்காலத்தில் குறையும் வரவு, பொதுத்தேர்வு நாட்களில் கூடும் வரவு, டைனமோ லைட் இல்லாமல் ராத்திரி போனால் போலீஸ் பிடிக்கும் பயம், குரங்குப் பெடல் போட்டு ஓட்டக் கற்றுக்கொண்ட ஊர்ப் பிள்ளைகள் என்று எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. இன்றைக்கு இருபது வயதில் இருப்பவருக்கு, மணிக்கணக்கில் சைக்கிளை வாடகைக்கு எடுத்தார்கள் என்பதே செய்தி. செய்தியைச் சொல்லக் கட்டுரையைப்போல வசதியான இடம் வேறில்லை.

மறைந்திருக்கும் செலவுகள் எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தன. முதல் செலவு, சரிபார்ப்பது. வாடகை 50 பைசா என்று நான் எழுதியதைப் படித்த பெரியப்பா, அது 25 பைசாவாக இருந்த வருடங்களையும் சொன்னார். மொபெட் எப்போது எங்கள் ஊர்க் கடைக்கு வந்தது என்று கேட்க நான்கு பேருக்குப் போன் செய்தேன், நான்கு பேரும் நான்கு வருடம் சொன்னார்கள். கதையில் இந்தத் தொல்லை இல்லை. கட்டுரையில் ஒரு தகவல் பிசகினால் வாசகர் மற்றதையும் சந்தேகிப்பார்.

இரண்டாவது செலவு பெரியது. கட்டுரையில் "ஏன்" என்ற கேள்விக்கு நழுவ முடியாது. படித்த எல்லாரும் கேட்டது ஒன்றே: அப்பா ஏன் போலீசில் சொல்லவில்லை? எனக்குப் பதில் தெரியும். எடுத்துப்போனவர் எங்களுக்கு உறவு. அவர் பிள்ளைகள் இன்றும் கல்யாண வீடுகளில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அதை எழுதாமல் விட்டால் கட்டுரையில் ஓட்டை, எழுதினால் குடும்பத்தில் ஓட்டை.

அதனால் என் கணக்கு இது. விஷயத்தின் பலம் தகவலிலும் பெயரிலும் இருந்தால், எல்லாவற்றையும் வெளியில் சொல்ல முடியும் என்றால், கட்டுரைதான் முதல் தேர்வு. சொல்லமுடியாத ஒன்று அதன் நடுமையத்தில் உட்கார்ந்திருந்தால் வேண்டாம். ஓரத்தில் இருந்தால் பரவாயில்லை, அதை வெட்டிவிட்டு எழுதலாம். கடைசியில் நானும் ஒன்பதாம் நம்பரை முழுக்க எடுத்துவிட்டு, வாடகை சைக்கிள் கடைகளைப் பற்றி மட்டும் ஒரு கட்டுரை எழுதினேன். அது நன்றாகவே வந்தது.

கணக்கு மனக்காரர்களுக்குக் கட்டுரை கைவந்த பொருள். அதுவே ஆபத்தும். வரிசை சரியாக இருப்பதால் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுவார்கள். காட்சி மனக்காரர்கள் கட்டுரையைக் கண்டு பயப்படுவார்கள், ஆனால் நான் ரசித்துப் படித்த அனுபவக் கட்டுரைகள் பல அப்படிப்பட்ட மனத்திலிருந்து வந்தவை.

## சிறுகதை

ஒன்பதாம் நம்பருக்குச் சிறுகதை பொருந்தியது. ஆனால் முதல் முயற்சியில் இல்லை.

முதல் முயற்சியில், இருபது வருடம் கழித்து ஒருவர் அதே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்பதுபோல முடித்தேன். வாரப் பத்திரிகைகளின் ஒருபக்கக் கதைகளைப் படித்து வளர்ந்த கை, கடைசி வரியில் திருப்பம் வைக்காமல் தூங்காது. ஒரு நண்பர் படித்துவிட்டு, "வண்டி வந்துட்டுதே, அப்புறம் உங்கப்பா எழுதின வரிக்கு என்ன மரியாதை?" என்றார். நடந்ததில் வண்டி வரவில்லை. வராததுதான் விஷயம். கதை என்ற சுதந்திரத்தை நான் தப்பான இடத்தில் செலவழித்திருந்தேன்.

சிறுகதையின் சுதந்திரம், யார் கண்ணால் பார்ப்பது என்று தேர்ந்தெடுப்பதில்தான் அதிகம் இருக்கிறது. அகப்பாட்டில் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று பிரித்தார்களே, அதே வித்தை. மகன் சொன்னால் அது நினைவேக்கம். அப்பா சொன்னால் புலம்பல். அம்மா சொன்னபோது கதை வந்தது. வண்டியை எடுத்தவர் அப்பா வழி உறவு. அதனால் அம்மாவுக்கு அந்த ஒரு வரி தினமும் காலையில் தன் முகத்துக்கு எதிரே எழுதப்படும் வரி. இட்லி அவித்துக்கொண்டே "இன்னைக்கும் எழுதியாச்சா?" என்று அவர் கேட்பதிலிருந்து தொடங்கினேன்.

மறைந்திருக்கும் செலவு என்றால், முதலில் கழிவு. கடையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பத்தில் ஒன்பது பங்கைத் தூக்கிப்போட வேண்டியிருந்தது. ஃப்ரீவீல் சத்தம் தங்கியது, வாடகைக் கணக்கு போனது. தகவலின் மேல் பாசம் உள்ளவர்களுக்கு இது வலிக்கும்.

அடுத்த செலவு, பெயரை மாற்றினால் போதும் என்ற நினைப்பு. நான் உறவினர் பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், வேலையைக்கூட மாற்றினேன். ஆனால் அவர் எப்போதும் சட்டைப் பையில் ஒரு டார்ச் லைட் வைத்திருப்பார், பகலிலும். அதை அப்படியே விட்டுவிட்டேன், காட்சிக்கு அழகாக இருந்ததால். கதை வந்த வாரமே அத்தை போன் செய்துவிட்டார். அந்த டார்ச்தான் என் வேப்பந்தழை.

பேச்சு மனக்காரர்களுக்கு ஒரு தனிச் சலுகை இங்கே உண்டு. நம் மொழியில் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. மற்ற வகைகளில் பேச்சை எழுத்தாக்கும்போது பாதி உயிர் போய்விடும். "வந்தான், நின்னான், ஒண்ணும் சொல்லாம போயிட்டான்" என்பதை "அவன் வந்து நின்றுவிட்டு எதுவும் கூறாமல் சென்றுவிட்டான்" என்று எழுதியதும் ஆள் காணாமல் போய்விடுகிறார். தன்மையில் சொல்லும் சிறுகதையில் வட்டார வழக்கையே நடையாக வைத்துக்கொள்ளலாம். அந்த வழி பேச்சு மனத்துக்காகவே திறந்து வைத்ததுபோல இருக்கிறது.

ஒரே ஓர் இடம், ஒரு நாள், ஒருவர் மாறுவது அல்லது மாற மறுப்பது, சொல்லமுடியாத ஒரு காரணம்: இவை உங்களிடம் இருந்தால் சிறுகதை எழுதுங்கள். ஊருக்குத் தெரியவேண்டிய உண்மை இருந்தால், உதாரணமாக ஒரு கண்மாய் யாரால் எப்படி மேடானது என்றால், அதைக் கதைக்குள் ஒளித்துவைக்காதீர்கள். கதைதானே என்று ஊர் விட்டுவிடும்.

## கவிதை

இது சீக்கிரம் முடியும் என்று தேர்ந்தெடுப்பவர்கள் அதிகம். நானும் அதனால்தான் தேர்ந்தெடுத்தேன். "9 வரணும்" என்பதை வைத்து 12 வரி. ஒரு மணி நேரத்தில் எழுதினேன், நான்கு மாதம் திருத்தினேன், கடைசியில் 5 வரி மிஞ்சியது. உரைநடையை மடக்கி மடக்கி அடுக்கியதை நானே கண்டுபிடிக்க அத்தனை நாள் ஆனது.

கவிதைக்கு விளக்கம் ஆகாது. வாடகை சைக்கிள் என்றால் என்னவென்று தெரியாதவருக்கு அந்த ஐந்து வரியும் வெறும் கணக்கு நோட்டு. தெரிந்தவருக்கு அதுவே போதும். உங்களிடம் இருப்பது ஒரு படிமம் மட்டும் என்றால், அதற்கு முன்னும் பின்னும் சொல்ல ஒன்றுமில்லை என்றால், கவிதை. "ஆனால் இதைப் புரிந்துகொள்ள முதலில் என்ன தெரியவேண்டும் என்றால்..." என்று தொடங்கத் தோன்றினால் கவிதை வேண்டாம்.

## நாவல், அல்லது தொடர்

இதற்குத்தான் ஆசைப்படுபவர்கள் அதிகம், தேவைப்படும் விஷயங்கள் குறைவு. எனக்கு 40 பக்கத்தோடு நின்றுவிட்டது. காரணம் சோம்பல் மட்டுமல்ல. ஒரு கடை, ஒரு குடும்பம், ஒரு காணாமல் போன வண்டி என்பது நாவலுக்கு ஒரு இழைதான். பஸ் ஸ்டாண்டின் மற்ற கடைகள், எடுத்தவரின் வீடு, அவர் எதற்காக எடுத்தார் என்ற முழுக்கதை என இன்னும் மூன்று இழையாவது வேண்டும். எனக்கு அவர் எதற்காக எடுத்தார் என்று தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. விருப்பமில்லாத இடத்தில் நாவல் நகராது.

வாராவாரம் தொடராக எழுதினால் கட்டாயத்தில் முடிந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். கெடு உதவும், மறுக்கவில்லை. ஆனால் வெளியான அத்தியாயத்தைத் திருத்த முடியாது என்பது பெரிய விலை. எட்டாவது வாரத்தில் புரியும் ஒன்றை முதல் வாரத்தில் போய்ச் சொல்ல முடியாது. இன்னொரு விலை, வாழ்க்கை குறுக்கே வரும். உ.வே.சாமிநாதையர் 1940ல் ஆனந்த விகடனில் "என் சரித்திரம்" எழுதத் தொடங்கியபோது அவருக்கு 85 வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. 1942 ஏப்ரலில் காலமானார். சரித்திரம் முடியாமல் நின்றது. வாராவாரம் என்ற கெடு இல்லாதிருந்தால் எழுதிக் கிடைத்த அளவுகூட நமக்குக் கிடைத்திருக்குமா என்பதும் நியாயமான கேள்விதான்.

இரண்டு மூன்று தலைமுறை, ஒன்றையொன்று இடிக்கும் பல நியாயங்கள், குறைந்தது இரண்டு வருட நேரம் இருந்தால் நாவலுக்குப் போங்கள். ஒன்று குறைந்தாலும் முதலில் ஒரு சிறுகதை எழுதிப் பார்ப்பது மலிவான சோதனை.

## ஒரே பார்வையில்

| | கட்டுரை | சிறுகதை | கவிதை | நாவல் / தொடர் |
|---|---|---|---|---|
| எந்த விஷயத்துக்கு | வருடக்கணக்கில் நடந்தது | ஒரு சம்பவம், ஒரு முடிச்சு | ஒரு படிமம் | பல தலைமுறை, பல நியாயங்கள் |
| பெயர் | வேண்டும் | வேண்டாம் | வேண்டாம் | இரண்டும் நடக்கும் |
| விளக்கம் தாங்குமா | நன்றாக | கொஞ்சம் | தாங்காது | தாங்கும், அலுக்காத வரை |
| வெளியே தெரியாத செலவு | சரிபார்ப்பு, "ஏன்" என்ற கேள்வி | தூக்கிப்போடும் தகவல், அடையாளம் காணும் உறவினர் | மாதக்கணக்கில் திருத்தம் | ஆண்டுகள், தொடரில் திருத்த முடியாமை |
| எனக்கு ஆன நேரம் | மூன்று வாரம் | இரண்டு மாதம் | நான்கு மாதம் | முடியவில்லை |

## அப்புறம், எழுதும் முறை

வகை முடிவான பிறகுதான் மனத்தின் கதை. இங்கே போட்டி இரண்டு வழிகளுக்கு நடுவில். முழுத் திட்டம் போட்டுவிட்டு எழுதுவது ஒன்று. எழுத எழுத என்ன சொல்ல வந்தோம் என்று கண்டுபிடிப்பது மற்றொன்று. இதில் எது உயர்ந்தது என்ற சண்டை எனக்கு அலுத்துவிட்டது. எது எந்தப் பிழையில் கொண்டுபோய் விடும் என்று தெரிந்தால் போதும்.

அதற்கு நன்னூல் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பவணந்தியார் சொல்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்தது. திருத்த உட்காரும்போது அதை எடுத்து வைத்துப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒரு மனத்தின் முகவரி.

திட்டம் போட்டு எழுதுபவர்களிடம் நான் பார்ப்பது "வெற்றெனத் தொடுத்தல்". சொற்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும், உள்ளே பொருள் இருக்காது. தலைப்புகளை முதலில் எழுதி, அவற்றை நிரப்புவதற்காகப் பத்தி எழுதினால் இப்படித்தான் ஆகும். சில சமயம் "குன்றக் கூறல்". தனக்குத் தெரிந்துவிட்டதால் வாசகருக்கும் தெரியும் என்று சுருக்கிவிடுவார்கள். எழுதிக்கொண்டே போகிறவர்களுக்கு "மற்றொன்று விரித்தல்". சைக்கிள் கடையில் தொடங்கிப் பக்கத்துச் சலூனில் முடிப்பார்கள். பேச்சு மனத்துக்குக் "கூறியது கூறல்". பேச்சில் திரும்பச் சொல்வது அழகு, எழுத்தில் அது சுமை. "சென்று தேய்ந்து இறுதல்" மட்டும் எல்லாருக்கும் பொது. முதல் பத்தியைப் பத்து முறை திருத்திவிட்டுக் கடைசிப் பத்தியை ஒரே முறை எழுதுகிறோமே.

கணக்கு மனத்துக்குத் திட்டத்தை விடச் சொல்லி அடம்பிடிக்கவேண்டாம். திட்டத்தில் ஒரு காலி இடம் வைக்கச் சொல்வேன். ஐந்து தலைப்பு எழுதினால் ஆறாவதை எழுதும்போது கண்டுபிடிக்கட்டும். காட்சி மனம் திட்டத்தில் தொடங்கவே வேண்டாம். காட்சிகளைத் தனித்தனிச் சீட்டில் எழுதித் தரையில் பரப்பி, அப்புறம் அடுக்கலாம். எழுதி முடித்த பிறகு ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் ஒரு வரி, "இது என்ன சொல்கிறது" என்று குறித்தால், ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டு பத்திகள் தாமாகவே காட்டிக்கொடுத்துவிடும். இது திட்டத்தைப் பின்பக்கமிருந்து போடுவது. எனக்கு இதுதான் ஒத்துவருகிறது.

பேச்சு மனக்காரர்கள் போனில் பேசிப் பதிவு செய்து பிறகு எழுதுவது நல்ல வழி. செலவு என்னவென்றால், 20 நிமிடப் பேச்சைத் தட்டச்சு செய்து சீராக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போகும். போனே பேச்சை எழுத்தாக்கித் தரும் வசதியைப் பயன்படுத்தலாம், ஆனால் வட்டார வழக்கில் பேசினால் அது தரும் வாசகத்தைத் திருத்துவதற்குள் கையாலேயே எழுதியிருக்கலாம் என்று தோன்றிவிடும்.

## ஆச்சியின் நிலம்

ஆச்சியின் நிலத்தகராறை எழுதமுடியாமல் நோட்டை மூடிய நண்பரிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "பத்திரம் உங்க கையில இருக்கா?" பத்திரமும் பட்டாவும் வழக்கு எண்ணும் கையில் இருந்தால், எல்லாருடைய பெயரையும் போட அவர் தயாராக இருந்தால், அது அருமையான கட்டுரை. நிலம் கைமாறும் விதத்தைப் பற்றிச் சொல்ல நம்மிடம் அவ்வளவு இருக்கிறது.

"இல்லை, சித்தப்பாகிட்ட இருக்கு. கேட்டா, இதோ எடுத்துத் தரேன்னு உள்ள போவார். போய்ப் படுத்துக்குவார்" என்றார்.

"அவர் உள்ளே போனதும் நீங்க என்ன பண்ணுவீங்க?"

"திண்ணையில உக்காந்திருப்பேன். சித்தி காபி கொண்டுவந்து வைப்பாங்க. பேச மாட்டாங்க."

அந்தத் திண்ணையில் அந்த மத்தியானத்தை மட்டும் எழுதுங்கள், ஆச்சி பேரையே எடுக்காதீர்கள் என்றேன். போன வாரம் பேசும்போது 11 பக்கம் வந்திருக்கிறது என்றார். நாவலாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறதாம்.